வெங்காயப் பாத்தியில் டாஃபடில்

பிப்ரவரி 24

அன்புள்ள குருவிக்கு,

அண்ணி எழுதுவது. நாங்கள் இரண்டு பேரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்த கையோடு பொய் எழுதுவானேன் என்று விட்டுவிட்டேன். உன் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஆறு நாள் ஆகிறது. பதறாதே. இப்போது ஜன்னலோர நாற்காலியில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்துகொண்டு, ரொட்டி கருகிவிட்டது என்று குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். குறை சொல்லத் தெம்பு வந்துவிட்டால் ஆபத்து தாண்டிவிட்டது என்று அர்த்தம். போனில் உன்னிடம் வயிற்றுக் கோளாறு என்று மட்டும்தான் சொன்னேன். முழுதும் சொன்னால் நீ அழுவாய். அப்புறம் நான் உன்னைத் தேற்ற வேண்டும். அதற்கு எனக்குத் தெம்பில்லை, அதனால்தான் கடிதம்.

நடந்தது இதுதான். ஒன்பது நாளுக்கு முன்னால் சாயங்காலம் ஆம்லெட்டும் சூப்பும் சாப்பிட்டோம். ஆம்லெட்டில் வெங்காயத்தாள் தூவியிருந்தது. அதாவது, வெங்காயத்தாள் என்று நினைத்தது. சமையலறைக்குப் பின்னால் சுவரோரமாக ஒரு பாத்தி இருக்கிறதே, அதில் வெங்காய வரிசையின் கடைசியில் உன் அப்பா டாஃபடில் பூச்செடியின் கிழங்குகளை நட்டு வைத்திருந்தார். பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் தன் தோட்டத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த கிழங்குகளைப் பிரித்துக் குளிர் தொடங்கும் முன் ஒரு பை நிறையக் கொடுத்திருந்தார். முன்பக்கம் நட்டது போக மிச்சம் இங்கே வந்தது. சுவரில் அடிக்கிற வெயிலுக்குச் சீக்கிரம் பூக்கும் என்பது உன் அப்பாவின் கணக்கு.

பூ வருவதற்கு முன்னால், இலை மட்டும் ஒரு சாண் உயரத்துக்கு எழும்பி நிற்கும்போது, அதுவும் பச்சை, இதுவும் பச்சை. வெங்காயம் மணக்கும், டாஃபடில் மணக்காது. வெங்காயத்தாள் உள்ளே குழாய் மாதிரி இருக்கும், டாஃபடில் பட்டையாக இருக்கும். தெரிந்தவர்களுக்கு அது போதும். டாஃபடில் இலையிலும் கிழங்கிலும் விஷம் உண்டு. அரை மணி நேரத்தில் உன் அப்பாவுக்கு வாந்தி ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கும். நான் வாளியைப் பிடித்துக்கொள்ள, அவர் என் முதுகைத் தடவிக்கொடுக்க, இரண்டு பேரும் சேர்ந்து நல்ல கூத்துதான். பஸ் டிரைவர்தான் தன் வண்டியில் போட்டுக்கொண்டு போனார். எனக்கு ஒரு நாளில் சரியாகிவிட்டது. எண்பத்தொரு வயது உடம்புக்கு மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருந்தது.

இலையை யார் பறித்தது என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா முந்திக்கொண்டு, "நான்தான் பறிச்சேன் டாக்டர். கண்ணு சரியாத் தெரியல. இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, நான் நறுக்கிக் குடுத்ததை அப்படியே சட்டியில போட்டா" என்று சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டார்.

அந்தக் காகிதம் முதியோர் நலப் பிரிவுக்குப் போகிறதாம். தனியாக இருக்கும் நேரத்தில் உன் அப்பா என்ன செய்கிறார், எதைச் சாப்பிடுகிறார் என்று பார்க்க யாரோ வருவார்களாம். நான் காலை ஐந்தரைக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் அடுப்புப் பற்றவைக்கப் போனால் திரும்ப மூன்று மணி ஆகிறது. அதுவரை அவர் தனிதான். உன் அண்ணன் இறந்துபோன பிறகு இந்த ஆறு வருஷமும் இப்படித்தான் ஓடுகிறது. இதுவரை யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறார்கள்.

மற்றபடி, முன்பக்கம் ஸ்னோடிராப் பூத்துவிட்டது. பனி முழுதாகக் கரையக்கூட இல்லை, அதற்குள் வெள்ளையாகத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறது. உன் அப்பா அதற்கு வைத்திருக்கும் பெயர் தலைகுனிஞ்சான். "என்னத்தைத் திருடிட்டு நிக்குதுன்னு தெரியல" என்று தினமும் ஒரு தரம் சொல்வார். முதல் நாள் சிரித்தேன். இடுப்பு ஒத்துழைக்காததால் குனிந்து பார்க்க முடியாது அவருக்கு. ஒரு பூவைக் கிள்ளி டம்ளரில் போட்டு ஜன்னலில் வைத்திருக்கிறேன்.

எனக்கு நாளைக்கு முந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு உரிக்க வேண்டும். இத்தோடு நிறுத்துகிறேன். நீ உடம்பைப் பார்த்துக்கொள். பெரியவனுக்குப் பரீட்சை முடிந்ததா?

உன் அண்ணி


மார்ச் 14

அன்புள்ள குருவிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "அண்ணி, நீங்க தெய்வம், நீங்க இல்லன்னா அப்பா என்ன ஆகியிருப்பார்" என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

முதியோர் நலப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தாள். சின்ன வயசு, நல்ல மாதிரி. காலணியை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தாள். அவள் காலுறையில் ஓட்டை இருந்தது, அதனால் எனக்கு அவளைப் பிடித்துப்போனது. சமையலறை, குளியலறை, மாடிப்படி எல்லாம் பார்த்தாள். பிறகு உன் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்தாள். இது என்ன மாதம்? உன் அப்பா யோசித்து யோசித்து, ஆகஸ்ட் என்றார். ஜன்னலுக்கு வெளியே பனிக்காலக் கடைசியில் வரும் குரோக்கஸ் பூத்திருக்கிறது, அவர் ஆகஸ்ட் என்கிறார். மூன்று சொல்லைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டதற்கு, "எந்தச் சொல்லும்மா? நீ யாரு?" என்றார்.

கடைசியாக ஒரு காகிதத்தைக் கொடுத்து, கடிகாரம் ஒன்று வரையச் சொன்னாள். பதினொன்று அடித்துப் பத்து நிமிஷம் என்று முள் போடச் சொன்னாள். வட்டம் போட்டார். பன்னிரண்டைக் கீழே போட்டார். மூன்றுக்குப் பக்கத்தில் இன்னொரு மூன்று போட்டார். பதின்மூன்று என்று ஒன்று எழுதி அதை வட்டத்துக்கு வெளியே வைத்தார். முள் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கிடந்தன. அவர் நாற்பத்திரண்டு வருஷம் கடிகாரம் பழுதுபார்த்தவர் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவள் போன பிறகு சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் தன் நாற்காலியிலிருந்தே, "சுவர்க் கடிகாரம் நாலு நிமிஷம் பின்னாடி ஓடுதும்மா, பேட்டரி மாத்தணும்" என்று குரல் கொடுத்தார். அவர் இருக்கும் இடத்திலிருந்து அது கண்ணுக்குத் தெரியாது. அது மணி அடிக்கிற சத்தத்தை வைத்துச் சொல்கிறார். போய்ப் பார்த்தேன், நாலு நிமிஷம்தான். வயசானவர்களுக்கு ஒரு நேரம் போல் ஒரு நேரம் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

அவரை வீட்டில் தனியாக விடக் கூடாது என்று எழுதிவிட்டாள் அந்தப் பெண். நாள் முழுதும் கூட ஆள் இருக்க வேண்டும், இல்லையென்றால் முதியோர் இல்லம். இல்லத்தில் இப்போது ஒரு இடம் காலியாக இருக்கிறது. படிவத்தில் ரத்த உறவு கையெழுத்துப் போட வேண்டும். மருமகள் கையெழுத்து செல்லாதாம். படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கும் இரண்டு இடத்திலும் போட்டு, ஏப்ரல் பத்துக்குள் கிடைக்கும்படி அனுப்பு.

நீ கேட்பாய் என்று நானே போய் இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. சூடான அறை, சுத்தமான தரை, ஜன்னலைத் திறந்தால் புல்வெளி. அங்கேயும் குரோக்கஸ் நட்டிருக்கிறார்கள், ஊதா ஒரு வரிசை, மஞ்சள் ஒரு வரிசை என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளை நிறுத்திவைத்த மாதிரி. நம் வீட்டில் அது நினைத்த இடத்தில் முளைக்கும். நடைபாதைக் கல் இடுக்கில்கூட ஒன்று வந்திருக்கிறது. உன் அப்பா குரோக்கஸை அவசரக்காரி என்பார். "இன்னும் குளிரே போகல, அதுக்குள்ள வாயைத் தொறந்துட்டா பாரு, ராத்திரி உறைபனியில வாங்கிக் கட்டிக்கப்போறா" என்பார். சாயங்காலம் வெயில் இறங்கியதும் அவள் வாயை மூடிக்கொள்வதைப் பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி.

அந்த அறையில் ஒரு வேடிக்கை நடந்தது. மெத்தை எப்படி என்று பார்க்கக் கட்டிலில் உட்கார்ந்தேன். கொஞ்சம் சாய்ந்து பார்த்தேன். அவ்வளவுதான் நினைவிருக்கிறது. இல்லத்து மேற்பார்வையாளர் அம்மாள் தோளைத் தட்டி எழுப்பினாள், முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. "இடம் அவருக்கா உங்களுக்கா?" என்று கேட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. உன் அப்பாவுக்கு இடுப்பு வலி எடுத்தால் எல்லாம் கசக்கும்.

அவர் ஒன்றும் மறுப்புச் சொல்லவில்லை. படிவத்தை நான் உறையில் போடும்போது பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தன் பெட்டியை மாடியிலிருந்து இறக்கித் தரச் சொன்னார். அதன் பூட்டு துருப்பிடித்திருக்கிறது, எண்ணெய் விட வேண்டும் என்றார். இறக்கிக் கொடுத்தேன்.

நேரமாகிறது, காலுறை மாட்டிவிடக் கூப்பிடுகிறார். பிள்ளைகளுக்கு என் அன்பைச் சொல்.

உன் அண்ணி


ஏப்ரல் 2

அன்புள்ள குருவிக்கு,

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாயா? போடவில்லை என்றால் போடாதே. போட்டிருந்தால் கிழித்துவிடு. அனுப்பியே விட்டாய் என்றால், தபால்காரர் கொண்டுவந்ததும் நான் கிழிக்கிறேன். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோது படி.

ஞாயிற்றுக்கிழமை பஸ் டிரைவர் வந்தார். தான் கொடுத்த கிழங்குகள் எப்படிப் பூத்திருக்கின்றன என்று பார்க்க. முன்பக்கம் இந்த வருஷம் ஒரே மஞ்சள், தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதைப் பார்த்துப் பெருமைப்பட்டுவிட்டு, பின்பக்கம் மிச்சத்தை நட்டாரே அது என்ன ஆச்சு என்று கேட்டார். கூட்டிக்கொண்டு போனேன். நானே ஆறு வாரமாக அந்தப் பாத்திப் பக்கம் போகவில்லை.

அங்கேயும் பூத்திருந்தது. விஷம் என்று தெரிந்தும் யாரும் பிடுங்கிப் போடவில்லை, அது பாட்டுக்குப் பூத்துவிட்டது. ஆனால் இலைகள் ஒன்றுக்கும் நுனி இல்லை. வெட்டுப்பட்ட இலை அடியிலிருந்து மறுபடி வளர்ந்திருக்கிறது, நுனி மட்டும் வெட்டின இடத்தில் மொட்டையாக நிற்கிறது. எல்லாம் ஒரே உயரம். பஸ் டிரைவர் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "பெரியவருக்குக் கை இந்த நடுக்கம் நடுங்குது, வெட்டு மட்டும் ஸ்கேல் வச்ச மாதிரி இருக்கே" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். அப்புறம் தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிவிட்டுப் போய்விட்டார்.

குருவி, இலையை வெட்டியது நான். நறுக்கியது நான். ஆம்லெட்டில் தூவியது நான். உன் அப்பா அன்றைக்குத் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. இடுப்பு வலியோடு படுத்திருந்தார்.

வேலை முடிந்து வந்தேன். சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தது, எதுவும் மணக்கவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பிடித்து ஒரே வெட்டாக வெட்டிக்கொண்டு வந்தேன். பலகையில் வைத்து நறுக்கும்போது குழாயாக இல்லை, பட்டையாக இருக்கிறது என்று கை சொன்னது. கை சொன்னதை நான் கேட்கவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், நான் யானையும் இல்லை, களைத்துப்போன ஒரு சமையல்காரி. அந்தக் கடைசி வரிசையைத் தொடாதே, அது வெங்காயம் இல்லை என்று உன் அப்பா மூன்று தடவை சொல்லியிருந்தார். மூன்று தடவையும் சரி மாமா என்றேன். எதற்குச் சரி என்றேன் என்றுகூட எனக்குத் தெரியாது. அடையாளத்துக்கு ஒரு குச்சி நட்டு வைத்திருந்தார். ஜனவரியில் சாக்கடை அடைத்துக்கொண்டபோது அந்தக் குச்சியைப் பிடுங்கிக் குத்திவிட்டு எறிந்ததும் நான்தான்.

அவர் ஏன் பழியை ஏற்றுக்கொண்டார் என்று உனக்கு இப்போது புரிந்திருக்கும். பிள்ளைகளுக்குச் சமைக்கிறவள் விஷ இலைக்கும் வெங்காயத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் சமைத்தாள் என்று ஆஸ்பத்திரிக் காகிதத்தில் ஏறினால், மறுநாளே என் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கிவிடுவார்கள். வாளியைக் கட்டிக்கொண்டு கிடந்த மனிதருக்கு அது எனக்கு முன்னால் தோன்றியிருக்கிறது.

நான் ஏன் சும்மா இருந்தேன் என்றால், முதல் வாரம் வேலை போய்விடும் என்ற பயம். அது பரவாயில்லை, யாருக்கும் வரும். அதற்கு அப்புறம் வேறு. அந்தப் பெண் படிவத்தை நீட்டினபோது எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. நான் கேட்கவில்லை, தானாக வருகிறது, ஏன் தடுக்க வேண்டும் என்று இருந்தது. ராத்திரி நான்கு முறை எழுந்து அவரைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போக வேண்டாம். அந்த இல்லத்துக் கட்டிலில் நான் தூங்கின முக்கால் மணி நேரம் மாதிரி தினமும் தூங்கலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, உனக்குப் படிவத்தில் பென்சிலால் குறி போட்டு அனுப்பினேன். என் முதல் கடிதத்தை எடுத்துப் பார். அவர் பறித்தார் என்று நான் எழுதியிருக்க மாட்டேன், பறித்ததாக டாக்டரிடம் சொன்னார் என்றுதான் எழுதியிருப்பேன். அத்தனை கெட்டிக்காரத்தனம். அதை நினைத்தால்தான் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

பஸ் டிரைவர் வந்துபோன அன்றைக்கு மத்தியானம் அவர் முன்னால் ஒரு காகிதத்தையும் பென்சிலையும் வைத்து, வரையுங்கள் மாமா என்றேன். என்னத்தை என்றார். கடிகாரத்தை என்றேன். காது கேட்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் விடவில்லை. நாற்பத்திரண்டு வருஷம் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவருக்குப் பன்னிரண்டு எங்கே வரும் என்று தெரியாதா, ஊரையே ஏமாற்றுகிறீர்களா, யார் உங்களைக் கேட்டது என்று கத்தினேன். ஆமாம், உன் அப்பாவைப் பார்த்துக் கத்தினேன். இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவை. அவரும் கத்துவார் என்று பார்த்தேன். அவர் மெல்லத் திரும்பி, "நீ முழுசாத் தூங்கி எத்தனை நாளாச்சும்மா?" என்று கேட்டார்.

அவரே சொன்னார். குழாயைத் திறந்துவிட்டபடியே நான் நின்றுகொண்டு தூங்கினதைப் பார்த்தாராம், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. "நீயா என்னைப் போன்னு சொல்ல மாட்டே. சொல்ல முடியாம தவிச்சுக்கிட்டே இருப்பே. அதான் நானே தப்புத் தப்பா வரைஞ்சேன். இதுல என்ன இருக்கு?" என்றார். இதில் என்ன இருக்கு என்று அவர் கேட்டதும் நான் உட்கார்ந்து அழுதேன். பிறகு அவர், சூப் ஆறிப்போகிறது என்றார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் சமையலறை மேலாளரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். விசாரணை முடியும் வரை என்னை அடுப்புப் பக்கம் விடக் கூடாதாம். இப்போது பாத்திரம் கழுவுகிறேன். கையெல்லாம் வெடித்துவிட்டது. என்ன முடிவு வரும் என்று தெரியாது. அங்கிருந்து நேரே முதியோர் நலப் பிரிவுக்குப் போய் அந்தப் பெண்ணிடமும் சொன்னேன். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டாள். பயம் என்றேன். மற்றதைச் சொல்லவில்லை. மற்றது உனக்கு மட்டும்தான் எழுதியிருக்கிறேன். உன் அப்பா கடிகாரக்காரர் என்பதையும் சொன்னேன். அவள் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்துவிட்டாள், பிறகு சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். இருபதாம் தேதி வந்து எல்லாக் கேள்வியும் மறுபடி கேட்பாளாம். அதில் தேறிவிட்டால் பகலில் இரண்டு மணி நேரம் ஒரு ஆளை அனுப்பி வைக்கலாம், அவர் வீட்டிலேயே இருக்கலாம்.

இதை வந்து சொன்னால், உன் அப்பா மறுபடியும் தப்பாகத்தான் வரைவாராம். "இந்தத் தடவை முள்ளே போட மாட்டேன், என்ன பண்ணுவா?" என்கிறார். பெட்டிப் பூட்டுக்கு எண்ணெய் விட்டாகிவிட்டது. சட்டைகள் உள்ளே போய்விட்டன. பஸ் டிரைவரிடம், முன்பக்கத்து டாஃபடில் வாடிய பிறகு இலையை யாரும் வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். இலை தானாக மஞ்சளாகிச் சாயும் வரை விட்டால்தான் கிழங்குக்கு அடுத்த வருஷத்துக்குத் தெம்பு சேருமாம். தான் இல்லாத தோட்டத்துக்கு இப்போதே ஏற்பாடு செய்கிறார்.

எனக்கு ஒரு களைப்பும் இல்லை மாமா, நீங்கள் இருங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, போய்ப் படு என்றார். அவர் நம்பவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், நானே நம்பியிருக்க மாட்டேன்.

உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கிவிடும் என்பார்களே. சொல்லிவிட்டேன். ஒரு பாரம் இறங்கியது, இன்னொன்று அப்படியே இருக்கிறது. அவர் இந்த வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. குறை சொல்ல அவர் இல்லாவிட்டால் நான் யாருக்கு ரொட்டி சுடுவேன்? ஆனால் எனக்கு முடியவில்லை. இரண்டும் நிஜம்தான் குருவி, ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்க இனி என்னால் ஆகாது.

அதனால் கேட்கிறேன். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீ ஒன்பதாம் வகுப்பு. இன்றுவரை உன்னிடம் நான் ஒன்றும் கேட்டதில்லை. லீவு கிடைக்காது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று ஐந்து வருஷமாகச் சொல்கிறாய், நானும் சரி சரி என்றே சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை சரி என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகளை மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார், முட்டை வேகவைக்கத் தெரிந்தால் போதும். இருபதாம் தேதிக்கு முன்னால் பத்து நாள் வந்து இரு. நீ வந்தால் நான் தூங்குவேன். தூங்கி எழுந்த என் முகத்தை அவர் நாலு நாள் பார்த்தால், அந்தப் பெண் வரும்போது பன்னிரண்டை மேலே போடுவார்.

என்னைத் தெய்வம் என்று இனி எழுதாதே. தெய்வத்துக்கு லீவு கிடையாது, எனக்கு வேண்டும். உன் அப்பா இல்லத்துக்குப் போகட்டும் என்று நான் நினைத்ததை அவரிடம் மறைக்கச் சொல்லி உன்னைக் கேட்க நினைத்தேன். அது அவருக்குத் தெரியும், எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் என் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருங்கள். அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வராதே, அவர் நன்றாகத்தான் இருக்கிறார். அண்ணியைப் பார்த்துக்கொள்ள வா.

உன் அண்ணி